பீர் வாளியும் பெல்டியர் தகடும்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் வம்பு வேண்டாம். நான் வீட்டில் பீர் காய்ச்சுகிறவன் இல்லை. (தங்கமணியும் இதைப் படிப்பாள்.) மது நம் நாட்டில் மாநிலங்கள் கையில் இருக்கிற விஷயம். உரிமம் இல்லாமல் வீட்டில் காய்ச்சுவதை மாநிலச் சட்டங்கள் பொதுவாக அனுமதிப்பதில்லை. ஆனால் அமெரிக்காவில் குடியேறிவிட்ட என் கல்லூரித் தோழன் ஒருவன் காய்ச்சுகிறான், அங்கே அது சட்டப்படி சரி. நான் இருபது வருஷமாகக் கருவித் துறையில் குப்பை கொட்டுகிறவன் என்பதால் என்னிடம் கேட்டான்: "டேய், பெல்டியர் தகடு வைத்து என் பீர் வாளியைக் குளிர வைக்க முடியுமாடா?"

"முடியும். ஆனா உன் ரூம் எவ்வளவு சூடுன்னு சொல்லு" என்றேன். அவ்வளவுதான் பதில். ஆனால் அந்தப் பதிலுக்குப் பின்னால் இருக்கிற கதை பெரியது. குளிர்பதன இயந்திரம் வளர்ந்ததே பீருக்காகத்தான் என்று சொன்னால் அதிகம் மிகையில்லை. அதே காலத்தில், எந்த இயந்திரமும் இல்லாமல் குளிர் தரும் வித்தை ஒன்றும் ஐரோப்பாவில் கண்டுபிடிக்கப்பட்டு, கேட்பாரற்றுக் கிடந்தது. இரண்டும் சந்திக்க ரொம்ப காலம் ஆயிற்று.

தகடு என்னவென்று தெரியாதவர்களுக்கு: பார்க்க ஒரு சதுர பிஸ்கட் மாதிரி இருக்கும். 40 மில்லிமீட்டர் நீளம், 40 மில்லிமீட்டர் அகலம், கனம் 4 மில்லிமீட்டருக்குள். மேலும் கீழும் வெள்ளைப் பீங்கான், பக்கவாட்டில் சிவப்பும் கறுப்புமாய் இரண்டு ஒயர். 12 வோல்ட் கொடுத்தால் ஒரு முகம் சில்லென்று ஆகும், மறு முகம் கொதிக்கும். ஒயரை மாற்றிக் கொடுத்தால் சூடும் குளிரும் இடம் மாறிக்கொள்ளும். கம்ப்ரசர் இல்லை, கேஸ் இல்லை, ஆடுகிற பாகம் ஒன்றுகூட இல்லை. தில்லி லாஜ்பத் ராய் மார்க்கெட்டிலோ சென்னை ரிச்சி தெருவிலோ சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். முதல்முறை தொட்டுப் பார்க்கிறவர்கள் எல்லோரும், "அப்ப எதுக்குய்யா இவ்வளவு பெரிய ஃப்ரிட்ஜ்?" என்றுதான் கேட்பார்கள். அந்தக் கேள்வியை 1950களில் பெரிய பெரிய கம்பெனிகளே கேட்டன. அதற்கு வருகிறேன்.

பீருக்கு ஏன் குளிர் வேண்டும்? குடிக்கும்போது வேண்டும் என்பது ஊருக்கே தெரியும். புளிக்கும்போதுதான் அதைவிட அதிகம் வேண்டும். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று சாராயத்தையும் கரியமில வாயுவையும் வெளிவிடும்போது கூடவே சூட்டையும் விடுகிறது. சூடு ஏறினால் ஈஸ்டுக்கு வேகம் கூடும், வேகம் கூடினால் இன்னும் சூடு. விட்டால் நெயில் பாலீஷ் வாசனையும் மறுநாள் தலைவலியும்தான் மிஞ்சும். ஏல் என்கிற வகைக்கு 18 முதல் 22 டிகிரி, லாகர் என்கிற வகைக்கு 8 முதல் 12 டிகிரி செல்சியஸ் என்று ஈஸ்டுக்கு ஒரு விருப்பம் இருக்கிறது. நமக்கு இது புதிதா என்ன? அதே மாவு, அதே பாத்திரம். சென்னை மே மாதத்தில் ஐந்து மணி நேரத்தில் பொங்கி வழிந்து புளித்துப் போகிறது. தில்லி ஜனவரியில் ஒரு நாள் முழுக்க வைத்தாலும் கல்லு மாதிரி கிடக்கிறது.

ஜெர்மனியின் பவேரியாக்காரர்கள் இந்தச் சிக்கலை முதலில் சட்டம் போட்டே தீர்த்தார்கள். 1553ல் ஐந்தாம் ஆல்பிரெக்ட் என்கிற டியூக், ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை யாரும் பீர் காய்ச்சக்கூடாது என்று உத்தரவு போட்டார். கோடைப் பீர் கெட்டுப் போகிறது என்பதுதான் காரணம். ஏன் கெடுகிறது என்று அவருக்கும் தெரியாது, காய்ச்சியவர்களுக்கும் தெரியாது. ஆனால் மார்ச் வரை காய்ச்சியது நன்றாக இருக்கிறது என்பது தெரியும். தடை 1850 வரை, ஏறக்குறைய 300 வருஷம் நீடித்தது. குளிர்காலத்தில் காய்ச்சியதைக் கோடை முழுக்கக் காப்பாற்ற ஆற்றங்கரை மேட்டில் நிலவறை தோண்டினார்கள். உறைந்த ஏரிகளிலிருந்து பனிக்கட்டியை வெட்டிக் கொண்டு வந்து நிரப்பினார்கள். மேலே வெயில் படாமல் இருக்கச் செஸ்ட்நட் மரம் நட்டார்கள். அந்த மர நிழலில் பெஞ்சு போட்டுக் குடிக்க ஆரம்பித்ததுதான் இன்றைக்கு மியூனிக்கின் பீர் கார்டன்.

பனிக்கட்டி வெட்டி விற்பது அந்தக் காலத்தில் எவ்வளவு பெரிய வியாபாரம் என்பதற்குச் சாட்சி நம்ம மெட்ராஸிலேயே நிற்கிறது. பாஸ்டன் வியாபாரி ஃபிரெடரிக் டியூடர் 1833ல் அமெரிக்க ஏரிப் பனிக்கட்டியைக் கல்கத்தாவுக்குக் கப்பலில் அனுப்பினார். பிறகு மெட்ராஸுக்கும் வந்தது. அதைச் சேமிக்கக் கட்டியதுதான் கடற்கரைச் சாலையிலுள்ள ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம். நான்கு மாதம் கடலில் மிதந்து வந்த ஐஸை வைத்து வெள்ளைக்காரன் குடிக்கலாம், பீர் காய்ச்சிக் கட்டுப்படியாகுமா? அதனால் இங்கே அவர்கள் குளிரைக் கீழே கொண்டுவராமல் வாளியை மலைமேல் ஏற்றினார்கள். இமயமலை அடிவாரத்தில் கசௌலி, சோலன், முர்ரீ, தெற்கே நீலகிரி என்று 19ஆம் நூற்றாண்டில் பீர் ஆலைகள் மலை ஊர்களில் முளைத்தது அதனால்தான். கசௌலி ஆலையைத் தொடங்கிய எட்வர்ட் டயரின் மகன்தான் ஜாலியன்வாலாபாக்கில் சுடச் சொன்ன ஜெனரல் டயர். சோலன் வழியாகச் சிம்லா போகும்போதெல்லாம் இந்த ஞாபகம் வந்து தொலைக்கிறது.

குளிர் வேண்டும் என்று தெரிவது ஒன்று, எவ்வளவு என்று அளப்பது இன்னொன்று. 18ஆம் நூற்றாண்டின் நடுவில்கூட பீர் காய்ச்சுகிறவர்கள் கையை விட்டும் ஆவியைப் பார்த்தும்தான் சூட்டைக் கணித்தார்கள். லண்டனில் மைக்கேல் கோம்ப்ரூன் என்பவர் தெர்மாமீட்டரை வைத்துக் காய்ச்சுங்கள் என்று 1762ல் ஒரு புத்தகமே போட்டார். ஹாம்ப்ஷயரில் ஜேம்ஸ் பேவர்ஸ்டாக் என்ற வாலிபர் அதன்படி செய்து பார்க்க, அவருடைய அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. பரம்பரைத் தொழிலில் கண்ணாடிக் குழாய்க்கு என்ன வேலை? மகன் தெர்மாமீட்டரை அப்பாவுக்குத் தெரியாமல் ஒளித்து வைத்துப் பயன்படுத்தினார். (நம்ம வீடுகளில் மிக்ஸி வந்தபோது அம்மியின் தரப்பில் பாட்டிமார் வாதாடியது ஞாபகம் வருகிறதா?)

ஆனால் அடுத்த இரண்டு தலைமுறைக்குள் பீர் ஆலைதான் தெர்மாமீட்டரை நுணுக்கமாகப் பார்க்கத் தெரிந்த இடமாக ஆகிவிட்டது. அப்படி ஒரு ஆலை முதலாளியின் மகன்தான் ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல். 1818ல் மான்செஸ்டரை அடுத்த சால்ஃபோர்டில் பிறந்தவர். பகலில் ஆலை, மற்ற நேரத்தில் ஆராய்ச்சி. ஒரு டிகிரியின் நூறில் ஒரு பங்குக்கும் குறைவான மாற்றத்தை அளந்தேன் என்று அவர் சொன்னபோது பல விஞ்ஞானிகளால் நம்ப முடியவில்லை. அந்தக் கைப்பழக்கம் பீர் ஆலையில் வந்தது என்று பின்னால் வந்த அறிவியல் வரலாற்று ஆசிரியர் ஒருவர் வாதாடியிருக்கிறார். 1841ல் ஜூல் வெளியிட்ட விதி பள்ளிக்கூடத்தில் நாம் மனப்பாடம் செய்ததுதான்: கம்பியில் மின்சாரம் ஓடினால் சூடு உண்டாகும், மின்னோட்டம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பெல்டியர் தகட்டின் பரம எதிரி இந்த விதிதான்.

இனி இயந்திரத்துக்கு வருவோம். மியூனிக் பாலிடெக்னிக்கில் கார்ல் லிண்டே என்று ஒரு வாத்தியார். (ரூடால்ஃப் டீசல் இவருடைய மாணவர்.) 1870களின் ஆரம்பத்தில் குளிரூட்டும் இயந்திரம் பற்றிக் கட்டுரைகள் எழுதினார். அதைப் படித்து ஓடி வந்தவர்கள் பீர் ஆலைக்காரர்கள்தான். குளிர்காலம் சரியாகக் குளிராத வருஷங்களில் ஐஸுக்கு அவர்கள் பட்ட பாடு அப்படி. ஷ்பாட்டன் ஆலையின் கேப்ரியல் செட்ல்மயர், "வாங்க, எங்க ஆலையிலேயே செஞ்சு பாருங்க" என்று இடம் கொடுத்தார். 1873ல் முதல் இயந்திரம், 1876ல் அதைவிட நல்லதாக அம்மோனியாவில் ஓடும் இயந்திரம். அதில் ஒன்று ட்ரியெஸ்ட் நகரத்து டிரேஹர் பீர் ஆலைக்குப் போனது. 1879ல் லிண்டே வேலையை விட்டுவிட்டுக் கம்பெனி ஆரம்பித்தார். நம்ம வீட்டு ஃப்ரிட்ஜுக்கும் ஏ.சி.க்கும் தாத்தா அந்த இயந்திரம்தான். திரவத்தை ஆவியாக்கு, அது சூட்டை உறிஞ்சும். அழுத்திப் பிழிந்து மறுபடி திரவமாக்கு, சூட்டை வெளியே துப்பும். 150 வருஷமாக இதே கதைதான்.

இப்போது கேட்பாரற்றுக் கிடந்த வித்தை.

1821ல் பெர்லினில் தாமஸ் சீபெக் இரண்டு வேறு வேறு உலோகங்களை வளையமாக இணைத்து, ஒரு இணைப்பைச் சூடாக்கினார். பக்கத்தில் இருந்த காந்த ஊசி திரும்பியது. சூட்டால் மின்சாரம் ஓடியிருக்கிறது. ஆனால் அவர் கடைசி வரை அதைக் காந்த விளைவு என்றே நினைத்தார். 1834ல் பாரீஸில் ஜான் பெல்டியர் இதன் மறுபக்கத்தைப் பார்த்தார். இவர் கடிகார வியாபாரி. முப்பது வயது வாக்கில் மாமியார் வழியில் கொஞ்சம் சொத்து வர, கடையை மூடிவிட்டு இயற்பியலில் இறங்கிவிட்டார். (மாமியார் சொத்தை இவ்வளவு உருப்படியாகச் செலவழித்தவர் வேறு யாரும் உண்டா தெரியவில்லை.) பிஸ்மத்தும் ஆன்டிமனியும் சேரும் இடத்தில் மின்சாரம் பாய்ந்தபோது அது சூடாவதற்குப் பதில் குளிர்ந்தது. அதன் முழு அர்த்தமும் அவருக்குப் பிடிபடவில்லை. 1838ல் ருஷ்யாவில் ஹைன்ரிக் லென்ஸ் அந்த இணைப்பின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தார். மின்சாரம் ஒரு திசையில் போனபோது சொட்டு உறைந்தது. திசையை மாற்றினார், உருகியது.

யோசித்துப் பாருங்கள். லிண்டேயின் அம்மோனியா இயந்திரத்துக்கு 38 வருஷம் முன்னாலேயே, மின்சாரத்தை மட்டும் வைத்து ஒருவர் ஐஸ் செய்துவிட்டார். ஆனால் ஒரே ஒரு சொட்டு!

ஏன் சொட்டோடு நின்றது? ரயில்வே ஸ்டேஷன் போர்ட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். எலக்ட்ரான்தான் போர்ட்டர். இந்தப் பிளாட்பாரத்தில் சூட்டைத் தலையில் தூக்கி அந்தப் பிளாட்பாரத்தில் இறக்குகிறான், அதனால் இந்தப் பக்கம் குளிர்கிறது. நல்ல விஷயம். ஆனால் இரண்டு கஷ்டம். நடந்து போகிற வழியில் அவனே உராய்ந்து சூட்டை உண்டாக்குகிறான். அது ஜூல் விதி. அதில் பாதி குளிர்ந்த பக்கத்துக்கே திரும்பி வருகிறது. இரண்டாவது, அவன் போகிற பாலத்தின் வழியாகவே அந்தப் பக்கத்துச் சூடு தானாக இந்தப் பக்கம் நடந்து வந்துவிடுகிறது. பாலத்தை அகலமாக்கினால் போர்ட்டர் சுலபமாகப் போவான், சூடும் சுலபமாகத் திரும்பி வரும். குறுக்கினால் சூடு வராது, போர்ட்டரும் திணறுவான். உலோகங்களில் இதிலிருந்து தப்பவே முடியாது. மின்சாரத்தை நன்றாகக் கடத்துகிற உலோகம் சூட்டையும் நன்றாகக் கடத்தும் என்று 1853லேயே வீட்மன், ஃபிரான்ஸ் என்ற இருவர் கண்டிருந்தார்கள். ஜெர்மனியின் எட்மண்ட் ஆல்டன்கிர்ஷ் 1909லும் 1911லும் இதையெல்லாம் கணக்காகவே போட்டு, என்ன குணமுள்ள பொருள் வேண்டும் என்று எழுதினார். மின்சாரத்துக்கு வழிவிட வேண்டும், சூட்டுக்குக் கதவடைக்க வேண்டும். அப்படி ஒரு பொருள் அன்று கையில் இல்லை.

கிடைத்தது குறைக்கடத்திகளில்தான். அதைப் பிடிவாதமாகத் துரத்தியவர் லெனின்கிராடின் ஆப்ராம் யோஃபே. இரண்டாம் உலகப்போரில் சோவியத் கெரில்லாக்கள் காட்டில் நெருப்பின் மேல் ஒரு பானையை வைத்து, அதன் அடியில் பொருத்திய வெப்ப மின் இணைப்புகளால் ரேடியோவை ஓட்டினார்கள். அது யோஃபே ஆட்கள் செய்தது. போருக்குப் பின் மின்சாரம் இல்லாத சோவியத் கிராமங்களில் மண்ணெண்ணெய் விளக்கின் தலையில் மாட்டுகிற ரேடியோ மின்னாக்கி வந்தது. 1950ல், யூதர்களுக்கு எதிரான அலையில், அவரே உருவாக்கிய நிறுவனத்தின் தலைமையிலிருந்து அவரை இறக்கினார்கள். எழுபது வயது. மனிதர் அசரவில்லை. தனியாகக் குறைக்கடத்தி ஆய்வகம் ஒன்றை ஆரம்பித்து வெப்ப மின்னியலையே தொடர்ந்தார். 1954ல் லண்டனை அடுத்த வெம்ப்ளியில் ஜூலியன் கோல்ட்ஸ்மிட், டக்ளஸ் இருவரும் பிஸ்மத் டெல்லுரைடு என்ற சேர்மத்தை வைத்து அறை வெப்பத்திலிருந்து பூஜ்ய டிகிரிக்குக் கீழே இறக்கிக் காட்டினார்கள். இன்றைக்கு ரிச்சி தெருவில் வாங்குகிற தகட்டுக்குள் இருப்பதும் பிஸ்மத் டெல்லுரைடு வகைதான். 127 ஜோடிக் கட்டிகள், ஒன்றில் எலக்ட்ரான் கடத்தும், அடுத்ததில் அதன் காலியிடம் கடத்தும்.

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது ஜுரம். அமெரிக்காவில் ஆர்.சி.ஏ. கம்பெனியின் தலைவர் டேவிட் சர்னாஃப், தன் ஐம்பதாவது பணி ஆண்டு நிறைவான 1956க்குள் மூன்று பரிசு வேண்டும் என்று தன் விஞ்ஞானிகளிடம் 1951லேயே கேட்டிருந்தார். அதில் ஒன்று ஆடும் பாகமே இல்லாத மின்னணு ஏ.சி. சொன்ன வருஷத்தில் செய்தும் காட்டினார்கள். சுவரில் ஒரு பலகை, சத்தமே இல்லாமல் அறையைக் குளிர்வித்தது. வேறு கம்பெனிகளும் சத்தமில்லா ஃப்ரிட்ஜ் செய்து பத்திரிகையாளர்களைக் கூட்டின. கம்ப்ரசருக்குக் கருமாதி என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

1960களில் ஜுரம் இறங்கிவிட்டது. தடுத்தது விலைகூட இல்லை, கரண்ட் கணக்கு. வீட்டு ஃப்ரிட்ஜ் மாதிரி வேலைக்கு, 1 வாட் மின்சாரம் கொடுத்தால் கம்ப்ரசர் ஒன்றரை, இரண்டு வாட் சூட்டை வெளியே தள்ளும். பெல்டியர் அரை வாட் தள்ளினாலே பெரிய விஷயம். அறை வெப்பத்தில் வேலை செய்யும் பொருட்களின் தரம் அப்போது நின்ற இடத்திலிருந்து இன்றுவரை மலைபோல் ஏறிவிடவில்லை. ஆகவே தகடு சின்ன வேலைகளுக்குப் போனது: கண்ணாடி இழைத் தொலைபேசியின் லேசர், வானியல் கேமரா, டி.என்.ஏ. பெருக்கும் பி.சி.ஆர். கருவி. கொரோனா சமயத்தில் நம்ம மூக்கில் குச்சி விட்டு எடுத்ததைச் சூடாக்கியும் குளிர்வித்தும் பரிசோதித்த கருவிகள் பலவற்றுக்குள் இந்தத் தகடுதான் உழைத்தது. என் பிழைப்பும் இந்த வகையறாவில்தான் ஓடுகிறது.

இதே ஆண்டுகளில்தான் வீட்டில் பீர் காய்ச்சுவது மறுபடி உயிர்பெற்றது. பிரிட்டனில் 1880 முதல் அதற்கு லைசென்ஸ் வேண்டியிருந்தது. 1963ல் நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங் அதை எடுத்துவிட்டார். அமெரிக்காவில் மதுவிலக்கு 1933ல் போனபின் வீட்டு ஒயினுக்கு வழி பிறந்தது, பீர் விட்டுப்போனது. 1978 அக்டோபரில் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் 1979 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தபின் வீட்டுக்கு 200 கேலன் வரை வரியில்லாமல் காய்ச்சலாம் என்றானது. பிளாஸ்டிக் வாளி, ஐந்து கேலன், அதாவது ஏறக்குறைய 19 லிட்டர். ஈஸ்ட் கடையில் கிடைத்தது, மால்ட் டின்னில் கிடைத்தது, குளிர் மட்டும் கிடைக்கவில்லை. வாளியைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்து நனைந்த டீ சட்டையைப் போர்த்தி மின்விசிறியைத் திருப்பிவிட்டார்கள். நம்ம மண்பானை சூத்திரமேதான். ஐஸ் பாட்டிலை மாற்றி மாற்றி வைத்தார்கள். இடம் இருப்பவர்கள் பழைய ஃப்ரிட்ஜ் வாங்கித் தெர்மோஸ்டாட் மாட்டினார்கள். அடுக்குமாடியில் இருப்பவர்கள் தகட்டின் பக்கம் திரும்பினார்கள். 2010களின் நடுவில் வாளி மூடி வழியாக ஒரு உலோகத் தண்டை உள்ளே விட்டு, மேலே பெல்டியரால் சூட்டை இழுக்கும் புரூஜாக்கெட் என்ற சாமானே சந்தைக்கு வந்தது.

ஏசியும் ஃப்ரிட்ஜும் செய்ய முடியாமல் தோற்ற தகடு இங்கே எப்படி ஜெயிக்கிறது? நண்பனுக்குப் போட்டுக் கொடுத்த கணக்கையே தருகிறேன். 20 லிட்டர் பீரில் ஈஸ்ட் தின்னும் சர்க்கரை சுமார் ஒன்றரைக் கிலோ. அது வெளிவிடும் மொத்தச் சூடு கால் யூனிட் மின்சாரத்துக்குச் சமம். நாலைந்து நாளில் பரவினால் சராசரி 2, 3 வாட்; உச்சத்தில் 7 வாட் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு சின்ன எல்.இ.டி. பல்பு, அவ்வளவே! வாளியை 5 சென்டிமீட்டர் தெர்மோகோல் பெட்டிக்குள் வைத்தால், வெளிக்கும் உள்ளுக்கும் உள்ள வித்தியாசத்தில் டிகிரிக்கு ஒரு வாட் உள்ளே கசியும். பெங்களூர் மாதிரி அறை 26 டிகிரி, பீருக்கு 19 டிகிரி என்றால் கசிவு 7, ஈஸ்ட் 7, ஆக 14 வாட். ஒரே தகடு சிரித்துக்கொண்டே செய்யும்.

இதே பெட்டியைத் தில்லி மே மாதத்தில், ஏ.சி. இல்லாத 38 டிகிரி அறையில் வையுங்கள். கசிவு 19, ஈஸ்ட் 7, ஆக 26 வாட். அது கூடப் பரவாயில்லை. குளிர்முகம் பீரைவிட ஏழெட்டு டிகிரி கீழே இருந்தால்தான் சூட்டை இழுக்கும், சூடான முகம் அறையைவிடப் பத்து டிகிரி மேலே இருந்தால்தான் வெளியே விடும். ஆக, தகட்டின் 4 மில்லிமீட்டருக்குக் குறுக்கே 37 டிகிரி வித்தியாசம். அங்கே பாலத்தின் வழியாகத் திரும்பி வருகிற சூடே பாதியைச் சாப்பிட்டுவிடும். இரண்டு தகட்டை முழு வேகத்தில் நாள் முழுக்க ஓட்டினால் தினம் மூன்று யூனிட் போகும், சின்ன ஃப்ரிட்ஜ் ஒரு யூனிட்டுக்குள் இந்த வேலையை முடித்துவிடும். லாகருக்கு 10 டிகிரி என்றால் பேச்சே வேண்டாம். "கம்ப்ரசர் இல்லாத ஃப்ரிட்ஜ், பத்தே வாட்" என்று யாராவது விற்க வந்தால், எத்தனை டிகிரி அறையில் என்று மட்டும் கேளுங்கள்.

இன்னும் இரண்டு விஷயம், செய்கிறவர்களுக்கு. ஃப்ரிட்ஜ் மாதிரி தெர்மோஸ்டாட்டால் பட் பட்டென்று அணைத்து அணைத்துப் போடுவது தகட்டுக்கு ஒத்துவராது. அணைத்த நொடியிலிருந்து அது ஒரு பாலம் மட்டும்தான், டிகிரிக்கு அரை வாட் சூடு உள்ளே திரும்பி வரும். குறைந்த மின்னோட்டத்தில் விடாமல் ஓட்டுவதே மேல். அடுத்தது, ஒரு தகட்டை முழு மின்னோட்டத்தில் ஓட்டுவதைவிட இரண்டைப் பாதியில் ஓட்டுங்கள். ஜூல் விதிப்படி ஒவ்வொன்றிலும் வீண் சூடு கால் பங்காகிறது, இரண்டிலும் சேர்த்துப் பாதி. இழுக்கும் சூடோ ஏறக்குறைய அதேதான். பீர் ஆலைக்காரர் மகன் கண்டுபிடித்த விதி பீர்க்காரனுக்கு இப்படித்தான் உதவுகிறது :)

நண்பனுடைய அறை 24 டிகிரி. அவன் தகட்டை வாங்கிவிட்டான்.

எனக்கு இதில் என்ன என்றால், இதே பெட்டியின் சின்னத் தம்பி எங்கள் சமையலறையில் இருக்கிறது, இட்லி மாவுக்கு. பனிக்காலத்தில் மாவைச் சூடாக்குவது பெரிய வித்தையில்லை, மூடிய பெட்டிக்குள் ஒரு குண்டு பல்பு போதும். சிக்கல் மே, ஜூனில். வெளியே வைத்தால் விடிவதற்குள் புளித்துப் போகிறது. ஃப்ரிட்ஜில் வைத்தால் 5 டிகிரியில் பொங்கவே மாட்டேன் என்கிறது. வேண்டியது நடுவில் ஒரு 27, 28 டிகிரி. அறையைவிடப் பத்தே டிகிரி குறைவு, பெட்டியும் சின்னது, நாலைந்து வாட் வேலை. ஒரு தகட்டைப் பாதி மின்னோட்டத்தில், இன்வெர்ட்டர் பேட்டரியின் 12 வோல்ட்டிலிருந்தே ஓட்டுகிறேன், கரண்ட் போனாலும் நிற்காது. ஜனவரியில் அதே தகட்டின் இரண்டு ஒயரையும் மாற்றிவிட்டால் பல்பும் வேண்டாம். ராத்திரி பத்து மணிக்கு வைத்த மாவு காலை ஏழுக்குப் பாத்திரத்தின் கழுத்து வரை வந்து நிற்கிறது. கீழ் வீட்டுத் திருநெல்வேலி மாமி வந்து பார்த்துவிட்டு, "எங்களுக்கும் ஒண்ணு செஞ்சு கொடுங்க தம்பி, விலை எவ்வளவுன்னு மட்டும் சொல்லிடுங்க" என்றார். இந்த ஞாயிற்றுக்கிழமை தெர்மோகோல் வாங்கப் போகவேண்டும்.